பழம் விடாத வெள்ளிக்கிழமை

ஞானம்மாள் டீச்சரின் ஒன்றாம் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. சுண்டு விரலை நீட்டிக் 'காய்' விட்டவர்கள், கடைசி மணி அடிப்பதற்குள் இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் 'பழம்' விட்டாக வேண்டும். சண்டையோடு யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அம்பத்தூரில் மற்ற டீச்சர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. கணக்குப் பாடத்தை விட்டாலும் விடுவாள், இதை விடமாட்டாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை விட்டுவிட்டாள். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று ஹெட்மாஸ்டர் தலைகால் புரியாமல் ஓடிக்கொண்டிருந்தார், டீச்சரைக் கூப்பிட்டு ஆள் அனுப்பினார். ஒரு சிலேட்டுப் பலப்பத்துக்காகக் கண்ணம்மாவும் வரலட்சுமியும் காய் விட்டு ஆளுக்கொரு பக்கம் உர்ரென்று நின்றார்கள்.

"திங்கட்கிழமை பழம் விட்டுக்கலாம், ஓடுங்க" என்று அனுப்பிவிட்டாள்.

திங்கட்கிழமை வரலட்சுமி வரவில்லை. புதன்கிழமை செய்திதான் வந்தது. ஞானம்மாள் குரலை அடக்கிக்கொண்டு, "வரலட்சுமி காய்ச்சல்ல இறந்துட்டா" என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

ஞானம்மாள் திருநெல்வேலிக்காரி. கணவனுக்கு ஆவடி தொழிற்சாலையில் வேலை என்பதால் இந்தப் பக்கம் வந்தவள். அவள் ஊரில் உடம்பு சுட்டால் காய்ச்சல். இந்தப் பிள்ளைகளின் வீட்டில் அது ஜொரம். அது அன்றைக்கு அவளுக்கு உறைக்கவில்லை.

அன்றிலிருந்து கண்ணம்மா வாயே திறக்கவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். பத்து நாள் கழித்துத்தான், அவள் சுண்டு விரலில் துணி சுற்றியிருப்பதை டீச்சர் பார்த்தாள்.

"அடிபட்டுச்சா கண்ணு?"

பதில் முன்வரிசைக் கஜபதியிடமிருந்து வந்தது. "கண்ணம்மா காய் வுட்டா செத்துப்பூடுவாங்க டீச்சர். வரலட்சுமி காய்ச்சல்ல பூட்ச்சின்னு நீங்கதான சொன்னீங்க?"

ஞானம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. என் வாயில் இடி விழ, ஒரு சின்னப் பிள்ளை தலையில் கொலைப் பழியைச் சுமத்திவிட்டேனே என்று துடித்துப்போனாள். காய்ச்சல் என்றால் ஜொரம்தான் என்று வகுப்புக்கே சொன்னாள், கண்ணம்மாவை மடியில் வைத்துத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பிள்ளை நம்பவில்லை.

கடைசியில் துணியை அவிழ்த்தாள். விரல் வெளுத்து ஊறிப்போயிருந்தது.

"என்கூடக் காய் விடு. நாளைக்கு நான் வரேனா இல்லையான்னு பாரு."

"வாணாம் டீச்சர், நீங்க பூடுவீங்க!" பத்து நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழுதாள். வெகுநேரம் கெஞ்சிய பிறகு, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுண்டு விரலை நீட்டினாள்.

மறுநாள் பார்த்து, ஆவடியிலிருந்து வரும் வழியில் திருமுல்லைவாயிலில் பஸ் பழுதாகி நின்றுபோனது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க ஞானம்மாளுக்கு மனசில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டோரமாக ஓட்டமும் நடையுமாக வந்தாள்.

மணி அடித்து வெகுநேரமாகியிருந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணம்மா மட்டும் நின்றாள். டீச்சரைக் கண்டதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து இரண்டு விரலை நீட்டினாள்.

"பழம் டீச்சர்!"

"பழம்டா கண்ணு." ஞானம்மாளும் இரண்டு விரலை நீட்டினாள். "பார்த்தியா, நான் வந்துட்டேன்ல?"

"வந்துட்டீங்க டீச்சர்." கண்ணம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. "அப்போ வரலட்சுமி எப்போ வரும்? அதுக்கும் பழம் வுடணும்."

டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள். கண்ணம்மா அந்த இரண்டு விரலை மடக்கவேயில்லை.