குளத்தில் போட்டது

செங்கம் ரோட்டில், வெள்ளைக்காரர்கள் வாடகைக்குத் தங்கும் அறைகளுக்குப் பின்னால் சுப்பிரமணியின் தகரக் கொட்டகை இருக்கிறது. முகத்துக்கும் பாதத்துக்கும் தேய்க்கிற ஸ்க்ரப் அங்கேதான் தயாராகிறது. வெள்ளையம்மாளுக்கு டிரம்மில் கலவை கிண்டுகிற வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தலை சீவக்கூட கை தூக்க முடியாது.

கலவைக்கு நறநறப்பு தருவது வெள்ளை மணி. பிளாஸ்டிக்தான். ரவையைவிடப் பொடிசு, பார்த்தால் தூள் உப்பு மாதிரியே இருக்கும். அந்த மணிக்குத்தான் தடை வந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் ஒருத்தர் வந்து, கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒரு சிட்டிகை மணியைப் போட்டுக் கலக்கிக் காட்டினார். கலக்கிவிட்டு ஸ்பூனை எடுத்ததும் அத்தனையும் மேலே வந்து மிதந்தது.

"இது எங்கயும் போகாதும்மா. சாக்கடை, ஏரி, மீன் வயிறு, கடைசில நம்ம ரத்தம். அங்க சட்டமே போட்டுட்டாங்க. கரையிற பொருளா போடுங்க, இல்ல மக்கிப்போறதா போடுங்க."

அவர் தலை மறைந்ததும் சுப்பிரமணி, "இத்தன வருசமா மூஞ்சில தேய்ச்சவனுங்களுக்கு இப்பதான் கண்ணு தெரிஞ்சிதாமா?" என்று கத்தினார். ஆனாலும் மறுவாரமே கீழ்பென்னாத்தூரிலிருந்து வேர்க்கடலைத் தோல் தூள் வந்து இறங்கியது. மிச்சமிருந்த மணி மூட்டையைக் காட்டி, "வெளிய கொட்டுனா வம்பு. பாத்திரம் தேய்க்க ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிட்டுப் போங்க" என்றார்.

"யக்கா, உங்க வூட்டு சட்டிக்கெல்லாம் இனிமே ஃபேஷியல்தான்" என்றாள் லேபிள் ஒட்டுகிற அபிநயா. வெள்ளையம்மாளும் சிரித்துக்கொண்டே ஒரு டப்பா நிறைய எடுத்துவந்தாள். அடுப்புக்கு மேலே பலகையில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே கடையில் வாங்கின டப்பா. இரண்டுக்கும் பச்சை மூடி.

அவள் புருஷன் வேணு நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். தாடைக்குக் கீழே அவனுக்குக் கட்டி வந்திருந்தது. முதலில் கடலைப் பருப்பு அளவு. அப்புறம் எலுமிச்சம்பழம். வேலூரில் சதை எடுத்துப் பார்த்துவிட்டு, புற்றுக்கட்டிதான், ஆபரேஷன் செய்து கதிர் கரண்ட் வைத்தால் பிழைத்துக்கொள்ளலாம், தள்ளிப்போடாதே என்று சொல்லி, திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். வேணுவுக்கு மூட்டைக்குப் பயமில்லை. கத்திக்குப் பயம். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஏற்கெனவே ஒருமுறை ஏமாற்றியிருந்தான்.

கிரிவலப் பாதையோரம் ஒரு சின்னக் குளம் உண்டு. மரு, கட்டி வந்தவர்கள் அதில் ஒரு கை உப்பு போட்டு வேண்டிக்கொள்வார்கள். உப்பு கரைகிற மாதிரி கட்டி கரையும் என்று நம்பிக்கை. வியாதிக்காரன் கையால்தான் போட வேண்டும். காலையில் எழுந்ததிலிருந்து போட்டு முடிக்கிறவரைக்கும் யாரோடும் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

"சாமிகிட்ட சொல்லிட்டுப் போனா உனக்கும் தைரியமா இருக்கும்யா. வெள்ளிக்கிழமை கரைச்சிட்டு வா, திங்கக்கிழமை வேலூரு போலாம்" என்றாள் வெள்ளையம்மாள். ஆஸ்பத்திரிதான் குணமாக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவனை பஸ் ஏற்றுவதற்குத்தான் குளம்.

வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனி ஆள் மறுபடி சோதனைக்கு வருகிறார், ஒரு மணிகூட டிரம்மில் ஒட்டியிருக்கக்கூடாது என்று சுப்பிரமணி விடிகாலையிலேயே எல்லோரையும் கழுவ வரச் சொல்லியிருந்தார். "அடுப்பு மேல பலகையில டப்பால இருக்கு. ஒரு கை அள்ளித் துணியில முடிஞ்சிக்க" என்று முந்தின நாளே புருஷனிடம் சொல்லிவைத்தாள். பலகையில் டப்பா இரண்டு என்பது அவள் ஞாபகத்துக்கு வரவில்லை.

சாயங்காலம் அவள் வரும்போது வேணு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். சோறு மூடினபடியே இருந்தது.

"போட்டியா?"

"போட்டேன்."

"அப்பறம் இன்னா, மூஞ்சி இப்டி கீது?"

"கரையல வெள்ள."

"உப்பு கரைய நேரமாவும்யா."

"வெயில் ஏர்ற வரைக்கும் குந்தி பாத்தேன். மேலயே மிதக்குது. கையால அமுக்குனேன். திரும்ப மேல வந்துடுச்சி."

அவள் பலகையிலிருந்த இரண்டு பச்சை மூடியையும் திறந்து பார்த்தாள். உப்பு டப்பாவில் கை பட்ட தடமே இல்லை. பக்கத்து டப்பாவில் ஒரு கை அள்ளின குழி. முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"யோவ், அது உப்பே இல்லய்யா. ஷெட்டுல குடுத்த மணி. பிளாஸ்டிக்கு."

அந்த ஆள் செய்துகாட்டினதுபோலவே அவளும் இரண்டு தம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் உப்பும் ஒன்றில் மணியும் போட்டுக் கலக்கினாள். உப்பு கரைந்தது. மணி மிதந்தது. வேணு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பாத்தியா? நாளைக்கு நெசமான உப்ப எடுத்துட்டுப் போலாம். நானும் வரேன்."

"ரெண்டு டப்பாவும் பக்கத்துப் பக்கத்துல தான இருந்திச்சி?"

"ஆமா."

"நான் யாரையும் கேக்கல. வாயே தொறக்கல. கை தானா அந்த டப்பாவுக்குப் போச்சி." அவன் குரலில் கோபம்கூட இல்லை. "யாரு கொண்டுபோனது அந்தக் கைய?"

இரவெல்லாம் கெஞ்சினாள், திட்டினாள், காலைப் பிடித்தாள். "ஒருவாட்டிதான் கேக்கணும் வெள்ள. கேட்டாச்சி, சாமி சொல்லியாச்சி" என்று புரண்டு படுத்தான். மறுநாள் அவள் தனியாகவே போய் ஒரு பை உப்பைக் கொட்டி, கரைகிறதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவன் கட்டி, அவன் கையால்தான் போட வேண்டும் என்று அவள் சொன்னதையே அவளிடம் திருப்பிச் சொன்னான். திங்கட்கிழமை வேலூர் பஸ்ஸுக்கு அவள் பை கட்டிக்கொண்டு நின்றபோது, அவன் மண்டிக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான்.

கட்டி பெருத்து அவனுக்குக் கஞ்சியும் இறங்காமல் போனபிறகு வேனில் போட்டு வேலூருக்குக் கொண்டுபோனார்கள். "ஏம்மா இவ்ளோ லேட்டு? அன்னிக்கே சொன்னமே" என்று டாக்டர் கேட்டார். ஜாஸ்தி நாள் தாங்காது என்றார். அந்தக் கம்மி நாளும் வலியிலேயே போனது.

காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று கொட்டகையில் லட்டு கொடுத்தார்கள். சோதனையில் பாஸாகி ஆர்டர் நிலைத்துவிட்டது. "நம்ம ஷெட்டுல இப்ப ஒரு மணி கெடையாது" என்று சுப்பிரமணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அபிநயா மட்டும் லட்டை அவளிடம் நீட்டாமல் பக்கத்தில் வந்து நின்றாள்.

வேலை விட்டு அவள் குளத்துக்குப் போனாள். வெயிலில் தண்ணீர் இறங்கியிருந்தது. அது இறங்கின இடத்தில், படியோரம் கோடு போட்டதுபோல வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவள் போட்ட ஒரு பை உப்பில் ஒரு துளிகூட இல்லை. அவன் போட்டது அப்படியே இருந்தது.

உட்கார்ந்து உள்ளங்கையால் வழித்தாள். வழித்ததை முந்தானையில் சேர்த்தாள். கால் கழுவ இறங்கின ஒருத்தி, "இன்னாம்மா தேடுற, எதுனா விழுந்துடுச்சா?" என்றாள்.

"ஆமா" என்றாள் வெள்ளையம்மாள்.

இருட்டுகிற வரைக்கும் வழித்தாள். தண்ணீரில் கையை விட்டு எடுக்கும்போதெல்லாம் இன்னும் நாலு ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் எழுந்து முந்தானையை முடிந்துகொண்டாள். வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு சாக்கடை வந்தது, ஒரு குப்பைத்தொட்டி வந்தது, ஒரு காலி மனை வந்தது. ஒவ்வொரு இடத்திலும் நின்று முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அவிழ்க்காமலே நடந்தாள்.