சிம்பே திட்டில் இல்லாத மீன்

சிஃபுண்டோ அந்த மீனின் முதுகுமுள்ளை மறுபடியும் எண்ணினாள். பதினெட்டு. மூன்று வருடமாக அதே பதினெட்டுதான், எண்ணுவதால் ஒன்றும் கூடிவிடப் போவதில்லை. கன்னத்தில் மஞ்சள் கோடோடு மலாவி ஏரியில் திரிந்த மீன், குப்பிச் சாராயத்தில் ஊறி வெளுத்துக் கிடந்தது. அதைப் பிடித்து வந்தவன் அவள் புருஷன் மவூட்டோ. போன மழைக்காலத்தில் அதன் ஜோடியைப் பிடிக்கிறேன் என்று தண்டாலா பாறையில் முங்கினான். பிணமாகத்தான் மேலே வந்தான்.

இதுவரை யாரும் பெயர் வைக்காத மீன். அதற்கு மவூட்டோவின் பெயரை வைப்பது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். கல்லறையில் அவன் பெயரை எழுதிய பலகையைக் கறையான் தின்றுவிட்டது. மீனின் பெயரை எதுவும் தின்னாது.

அவள் வேலை பார்க்கும் மீன் ஆய்வு நிலையத்தில் குப்பிகளுக்குப் பொறுப்பாளர் கோமெஸ்கானி. அவருக்கு எல்லாமே கிண்டல்தான்.

“மவூட்டோன்னா தொல்லைன்னுதானே அர்த்தம், தங்கச்சி? பாவம், அந்த மீன் என்ன பண்ணுச்சு?”

“கட்டிக்கிட்ட நானே பொறுத்துக்கிட்டேன். மீன் பொறுத்துக்காதாண்ணே?”

அன்று காலை அவர் கிண்டல் செய்யவில்லை. ஆய்விதழ் ஒன்றில் வந்த தாளை மேசையில் வைத்துவிட்டு, கண்ணைப் பார்க்காமல் நின்றார்.

நாலு மாதத்துக்கு முன்பே எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் அதே மீனைப் பற்றி எழுதிப் பெயரும் வைத்துவிட்டிருந்தான். வண்ணமீன் கடைத் தொட்டியில் வாங்கிய மீன். அச்சில் முந்தியவன் வைத்ததே பெயர் என்பது இந்தத் தொழிலின் சட்டம். அவன் வைத்த பெயர் சிம்பென்சிஸ், அதாவது சிம்பே திட்டைச் சேர்ந்தது.

சிஃபுண்டோவுக்குச் சிரிப்பு வந்தது. சிம்பேயில் இந்த மீன் ஒன்றுகூடக் கிடையாது. மவூட்டோ மூன்று மீனை ஏற்றுமதி வியாபாரியிடம் விற்றது அவளுக்குத் தெரியும். எங்கே பிடித்தாய் என்று கேட்டால், முங்குகிற ஆள் எவனும் உண்மையைச் சொல்லமாட்டான். சொன்னால் மறுநாள் அந்தப் பாறையில் பத்துப் படகு நிற்கும்.

“இடம் தப்புன்னு எழுதினா பேரை மாத்தமாட்டாங்களா, தங்கச்சி?”

“மாத்தமாட்டாங்கண்ணே. தப்பான பேரும் பேருதான்.”

“அப்புறம் என்னத்துக்கு எழுதணும்? போனது போகட்டும், விடு.”

விட முடியாது. இந்த மீன் இருக்கிற பாறையில் வலை போடக்கூடாது என்று அடுத்த வாரம் அரசாங்கம் உத்தரவு போடப்போகிறது. தாளை நம்பிச் சிம்பேயை மூடுவார்கள். தண்டாலாவில் தினமும் வலை இறங்குகிறது, மீன் இன்னும் இரண்டு வருடம் தாங்கினால் அதிசயம். இடத்தைத் திருத்தச் சாட்சி வேண்டும். இருந்த ஒரே சாட்சி மவூட்டோவின் பள்ளிக்கூட நோட்டு. கோணல் எழுத்தில் அவனே எழுதியிருந்தான்: ‘கேட்டவனுக்குச் சிம்பே. நெசம் தண்டாலா.’

“அவன் பேரைப் போடாம எழுதேன் தங்கச்சி. ‘தவறுதலா’ன்னு போட்டா போதாதா?”

“யாரோட தவறுன்னு கேப்பாங்க. நோட்டு யாரோடதுன்னு கேப்பாங்க. பேரில்லாத நோட்டை எவன் நம்புவான்?”

“செத்தவனைப் பொய்யன்னு அச்சடிக்கப் போறியா?”

அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது. மவூட்டோ மேல் அதைவிட அதிகமாக வந்தது. என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டு என்னை இப்படி மாட்டிவிட்டுப் போனாயே, பாவி.

‘இம்மீனைப் பிடித்த மவூட்டோ ந்யிரெண்டா, இடத்தை மறைக்கப் பொய் சொன்னார்’ என்று எழுதினாள். ‘பொய்’யை அடித்து ‘தவறான தகவல்’ என்று போட்டாள். அது உண்மையில்லை என்று தோன்றியது. மறுபடியும் ‘பொய்’ என்றே எழுதினாள்.

உலகத்தில் அவன் பெயர் அச்சேறப்போவது இந்த ஒரு வரியில்தான். எழுத்துப்பிழை இல்லையே என்று இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, சிஃபுண்டோ அதை அந்த ஆய்விதழுக்கு அனுப்பினாள்.