தண்ணிதான் கொட்டுச்சு

சொம்பு சாய்ந்த சத்தத்தைவிடப் பொங்கியண்ணன் போட்ட சத்தம்தான் பெரிதாக இருந்தது.

"ஐயோ, போச்சு!"

நல்லூரில் அவருடைய தையல் யூனிட்டில் ஆபீஸ் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஒரு மூலையைக் கண்ணாடி வைத்து மறைத்திருந்தார்கள். உள்ளே ஓர் இரும்பு மேசை, அதன்மேல் மகன் நித்தீஷின் லேப்டாப், கீழே தரையில் நாலு சொருகு சொருகிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். நித்தீஷ் துணிக்குச் சாயம் போடும் டையிங்குக்குப் போயிருந்தான். மகன் இல்லாத நேரம் பார்த்து அவன் நாற்காலியில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொள்வது பொங்கியண்ணனுக்கு ஒரு சுகம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சொம்போடு வந்து உட்கார்ந்தவர், பேப்பரை விரிக்கும்போது முழங்கையால் தட்டிவிட்டார். சொம்பு முழுக்க லேப்டாப்பின் பட்டன்கள்மேல் கவிழ்ந்து, மேசை விளிம்பில் வழிந்து, சார்ஜர் ஒயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியது.

அவர் எழுந்து, நனைந்த கையாலேயே சார்ஜர் ஒயரைப் பிடுங்கப் போனார்.

"ஐயா, கைய எடுங்க! தொடாதீங்க!"

கத்தியது ஜோதிகா. அவள்தான் அங்கே வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம், இப்போது குடியிருப்பு மண்ணரை. வெளியே கட்டிங் டேபிளில் ஒரு சாம்பிள் பனியனை அளந்துகொண்டிருந்தவள், டேப்பைக் கழுத்தில் போட்டபடி ஓடி வந்தாள். லேப்டாப் பக்கம் போகவில்லை. கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஆபீஸ் சுவிட்ச் பெட்டியைத் திறந்து, மொத்தக் கரண்ட்டையும் அணைத்தாள். ஃபேன் நின்றது. லைட் போயிற்று.

"இப்ப வெளிய வாங்கய்யா. அந்த ஈரத்துல கால் வைக்காம, இந்தப் பக்கமா வாங்க."

"அட, ஒயரத்தானே கண்ணு புடுங்கப் போனேன்."

"வெறுங்கால், ஈரக் கை, கீழ நனைஞ்ச பாக்ஸு. ஒயரப் புடுங்கப் போயி ஒங்களப் புடுங்கிருக்கும்."

பொங்கியண்ணன் சுவரோரமாக வெளியே வந்தார்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றினாள். பிறகு லேப்டாப்பில் இருந்த சார்ஜரை உருவினாள். திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பவர் பட்டனை அழுத்தி, அணைகிறவரை விரலை எடுக்கவில்லை. அப்புறம் லேப்டாப்பை விரித்தபடியே கவிழ்த்து, கூடாரம் மாதிரி நிறுத்தி, அடியில் ஒரு கை பனியன் வேஸ்ட்டைத் திணித்தாள். ஒற்றி எடுத்த துணி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனாள்.

"ஐயா, இது தண்ணி இல்லியே."

"தண்ணிதான்."

"இஞ்சி வாடை அடிக்கே."

"தண்ணிதான் கொட்டுச்சுன்னு சொல்றனல்லோ!" பொங்கியண்ணன் குரலைத் தாழ்த்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முப்பது மிஷின்களில் பாதி நின்றிருந்தன. தைக்கிறவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குச் சர்க்கரை. ரெண்டு வருஷமாக அவர் வாயில் எது போகிறது என்பது மனைவி வள்ளியாத்தாளின் கையில் இருந்தது. காலையில் கம்பு, மத்தியானம் அவளே டிஃபன் கேரியரில் கொண்டுவரும் கீரை, ராத்திரி ரெண்டு சப்பாத்தி. காப்பியில் சர்க்கரை கிடையாது. பொங்கலுக்குக்கூட ஒரு கரண்டிதான். சித்திரை வெயிலில் ஒரு நாள் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனவர், கரும்பு ஜூஸ் வண்டி முன்னால் நின்றார். அதற்குப் பிறகு தினமும் பதினொன்றரைக்குச் சொம்போடு நடை. உட்கார்ந்து மெதுவாகக் குடிப்பார். கம்பெனியில், 'ஓனர் வெயிலுக்கு நல்லாத் தண்ணி குடிக்கிறாருங்க' என்று பேர். அதைக் கேட்டு வள்ளியாத்தாளுக்கும் சந்தோஷம்.

முதலில் வந்தது அயர்ன் மாஸ்டர் ஆத்தப்பன்.

"ஏனுங்ணா, தண்ணிதானுங்களே? இதுக்குப் போயி இத்தன சத்தமுங்களா? குடுங்க, என்ற வேக்கம் டேபிள்ல வெச்சுப்போட்டுப் பெடல மெதிச்சமுன்னா கீழ உறிஞ்சிப்போடுமுங்க. ஈரத் துணியவே அரை நிமிசத்துல காய வெக்கறோம். மேல லேசா அயர்னக் காட்டுனாப் போதும்."

"மாஸ்டர், அது என்ன காலர் பனியனா?" என்றாள் ஜோதிகா. "சூடு காட்டினா உள்ள உருகிரும். விடுங்க."

"சூடு வேண்டாம்னா ஏர் கன் இருக்குதல்லோ," என்றாள் செக்கிங் மருதாள். அவளும் எழுந்து வந்துவிட்டாள். "ஓவர்லாக் மிஷினுக்குள்ள இருக்கற பஞ்சே பறக்குது. இந்தத் தண்ணி எம்மாத்திரம்? கறை கிறை இருந்தா என்ற ஸ்பாட் கன்னுல ஒரு அடி அடிச்சுப்போடலாம்."

"அக்கா, ஒங்க ஸ்பாட் கன்னுல இருக்குறது கெமிக்கல். தீக்குச்சியக் கிட்டக் கொண்டு போக விடுவீங்களா நீங்க? அத பேட்டரி மேல அடிக்கச் சொல்லுதீங்க. காத்து அடிச்சா மேல கெடக்குறதும் உள்ள போயிரும்."

"அப்ப என்னதான் பண்றது அம்மணி?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. சுவிட்ச் போடாம சர்வீஸ் கடைக்குக் கொண்டு போகணும். அவ்வளவுதான்."

ஒன்றும் பண்ணாமல் இருப்பது ஆத்தப்பனுக்குச் சரியாகப் படவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போனான். மருதாளும் போனாள்.

நித்தீஷுக்குப் போன் போட்டது பொங்கியண்ணன்தான்.

"கண்ணு, உன்ற லேப்டாப்புல கொஞ்சம்... தண்ணி பட்டிருச்சு."

"எவ்வளவுங்ப்பா?"

"ஒரு சொம்பு."

"வெறுந் தண்ணிதானுங்களே?"

"வெறுந் தண்ணிதான்."

"சரி, ஃபேன் காத்துல வைங்க. நான் ஒரு மணிக்கு வர்றேன். காஞ்சிருந்தா போட்டுப் பாத்துக்கலாம். நாலு மணிக்கு பையரோட வீடியோ கால் இருக்குது. புது அளவு சார்ட் அதுலதான் கெடக்குது. ரெண்டு நாள் உக்காந்து போட்டது, இன்னும் யாருக்கும் அனுப்பல."

போனை வைத்தபோது ஜோதிகா எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஐயா, தம்பி வந்து சுவிட்ச் போடும்."

"போட்டாப் போடறான். காஞ்சிருமல்லோ அதுக்குள்ள?"

"தண்ணின்னா காயும். இது காஞ்சா சீனிப்பாகு. உள்ள இருக்குற கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல பாகு ஒட்டிக்கிடும். அது வழியா கரண்ட்டு பாயும். பேட்டரி வேற உள்ளயே கெடக்கு. முன்ன நான் இருந்த கம்பெனியில காப்பி கொட்டிச்சு. மறுநாள் காஞ்சிருச்சுன்னு சார்ஜரப் போட்டான் ஒரு பையன். பொகஞ்சுது. அணைக்கப் போயி உள்ளங்கை வெந்து, ஒரு மாசம் பேனா புடிக்கல."

"உனக்கென்ன, ஜூஸுன்னு தெரிஞ்சுபோச்சா?"

"தெரிஞ்சுபோச்சு."

"ஊட்டுல சொல்லிப்போடாத கண்ணு."

"நான் சொல்ல மாட்டேன்யா. ஒங்க சமாச்சாரம் ஒங்களோட. ஆனா சுவிட்ச் போட விட மாட்டேன்."

அவருக்குப் பாதி நிம்மதி வந்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

பன்னிரண்டே முக்காலுக்கு, ஜன்னலுக்குக் கீழே சுவர் ஓட்டையிலிருந்து எறும்பு கிளம்பியதைப் பார்த்தார். சின்னச் சிவப்பு எறும்பு. நேர்கோடாக வந்து, மேசைக்காலில் ஏறிக்கொண்டிருந்தது. காலால் தேய்த்தார். மறுபடி வந்தது. மறுபடி தேய்த்தார்.

"ஏனுங்க, என்ன தரையில டான்ஸ் ஆடீட்டு இருக்கறீங்க?"

வள்ளியாத்தாள் கேரியரோடு வாசலில் நின்றாள். பின்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டு நித்தீஷ் ஓடி வந்தான். பொங்கியண்ணன் காலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"எங்கீங்ப்பா?" நித்தீஷ் நேராக மேசைக்குப் போனான். லேப்டாப்பைத் திருப்பி, பட்டன்கள்மேல் விரலை வைத்துப் பார்த்தான். "காஞ்சிருச்சு. சார்ஜர் எங்க? ஏனுங்க்கா, ஆபீஸ் கரண்ட்டப் போட்டு உடுங்க."

"வேண்டாம் தம்பி," என்றாள் ஜோதிகா. "கடைக்குக் கொண்டு போங்க. பிரிச்சுப் பாத்துட்டு அவங்க போடட்டும்."

"கடையில குடுத்தா ரெண்டு நாள் வெச்சுக்குவாங்க. நாலு மணிக்கு எனக்கு சார்ட் வேணும். தண்ணிதானுங்க்கா?"

அவள் கழுத்தில் கிடந்த டேப்பை உருவிச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"தண்ணிதானேன்னு கேட்டனுங்க."

"எதுவா இருந்தாலும் போடக் கூடாது."

நித்தீஷ் அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஏனுங்க்கா, அப்பா கொட்டுனாரா, நீங்க கொட்டுனீங்களா?"

"தம்பி!"

"இல்லீங்க, கேக்கறேன். அப்பாவே வேண்டாங்கல. நீங்கதான் தடுக்கறீங்க. போட்டா என்னமோ தெரிஞ்சுபோயிரும்ங்கற மாதிரி நிக்கறீங்க. உங்க கைபட்டு உளுந்துச்சா? சொல்லுங்க, ஒண்ணும் சொல்லப் போறதில்ல."

கண்ணாடிக்கு வெளியே ஆத்தப்பனின் தலை தெரிந்தது. மருதாளும் நின்றாள். ஜோதிகாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. பொங்கியண்ணன் பக்கம்கூடத் திரும்பவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் கோபப்பட்டாவது இருந்திருப்பார்.

"சரி உடுங்க, நானே போட்டுக்கறேன்." நித்தீஷ் சுவிட்ச் பெட்டியைத் திறந்து கரண்ட்டைப் போட்டான். ஃபேன் சுற்றியது. கீழே நனைந்த பாக்ஸை விட்டுவிட்டு, சார்ஜரை நேராகச் சுவரில் சொருகினான். மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு லேப்டாப்பின் ஓரத்தில் ஓட்டையைத் தேடினான். இடது கை இரும்பு மேசைமேல் இருந்தது.

பொங்கியண்ணன் அந்தக் கையைத்தான் பார்த்தார். இருபத்தாறு வயசுக் கை. போன மாசம்தான் பெண் பார்த்து விரலில் மோதிரம் போட்டிருந்தார்கள்.

"நித்தீஷு, சொருகாத."

"ஏனுங்ப்பா?"

"தண்ணியில்ல அது."

"பின்ன?"

"கரும்பு ஜூஸு."

பொங்கியண்ணன் மனைவியைப் பார்க்காமல், மகனைப் பார்த்தே சொன்னார். "நான்தான் கொட்டுனேன். நான் குடிக்கறதுக்கு வாங்கீட்டு வந்தது. இந்த அம்மணி அப்பவே கண்டுபுடிச்சுப்போட்டா. நான்தான் சொல்லாதன்னு சொன்னேன். ஒயரக் கழட்டு கண்ணு. முதல்ல சுவத்து சுவிட்ச அமத்து, அப்புறம் கழட்டு."

நித்தீஷ் சொன்னபடி செய்தான். பிறகு ஜோதிகாவிடம் திரும்பினான். "அக்கா, நான்..."

"பரவாயில்ல தம்பி. மொதல்ல கடைக்குப் போங்க. பையர்கிட்ட வீடியோ கால வியாழக்கெழமைக்கு மாத்தச் சொல்லி நான் மெயில் போடுதேன்."

வள்ளியாத்தாள் இத்தனை நேரம் கேரியரைக் கையிலேயே வைத்திருந்தாள். இப்போதுதான் மேசையில் வைத்தாள். வைத்தவள், மேசைக்காலில் ஏறும் எறும்பைப் பார்த்தாள்.

"எத்தன நாளாங்க?"

"சித்திரையில இருந்து."

"இப்ப ஆவணி." அவள் விரல்விட்டு எண்ணவில்லை. "கார எடு நித்தீஷு. அத சர்வீஸ் கடையில பிரிச்சுப் பாக்கட்டும், இவர ரத்தம் பாக்கற எடத்துல பிரிச்சுப் பாக்கட்டும். ரெண்டும் ஒரே ரோட்டுலதானே இருக்குது?"

சர்வீஸ் கடைக்காரன் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, திருகாணிகளைக் கழற்றியபடியே கேட்டான். "என்ன கொட்டுச்சுங்க?"

நித்தீஷ் வாயைத் திறப்பதற்குள் பொங்கியண்ணனே சொன்னார். "கரும்பு ஜூஸுங்க. இஞ்சி, எலுமிச்சம்பழம் போட்டது."

"ஐஸ் போட்டதுங்களா?"

"இல்லீங்க. ஐஸ் போட்டாச் சளி புடிக்குமுன்னு வேண்டாம்னுட்டனுங்க."

"ஒடம்பப் பாத்துக்கறாராமா," என்றாள் வள்ளியாத்தாள் பின்னாலிருந்து.

கடைக்காரன் அடிமூடியைத் திறந்து, முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பை உருவினான். பச்சைப் பலகையின் ஒரு பக்கம் முழுக்கப் பழுப்பாகப் பளபளத்தது. குச்சியால் தொட்டுக் காட்டினான். நூல் மாதிரி இழுத்தது.

"கொட்டுனதுக்கப்புறம் ஆன் பண்ணுனீங்களா?"

"இல்லீங்க," என்றான் நித்தீஷ்.

"சார்ஜர் போட்டீங்களா?"

"சொருகப் போனேன். அப்பா நிறுத்திப்போட்டாரு."

"அப்பப் பொழச்சுக்கும். போர்டக் கழுவோணும், கீபோர்டு மாத்தோணும். உங்க ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கும், அது வேற எடத்துல இருக்குது. போட்டிருந்தீங்கன்னா இதா இந்தப் பேட்டரி பக்கம்தான் முதல்ல பொகஞ்சிருக்கும். நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

ரத்தப் பரிசோதனை லேப் நாலு கடை தள்ளி இருந்தது. விரலில் குத்தி, ஒரு சொட்டு எடுத்து, மிஷினில் வைத்த பெண் எண்ணைப் படித்தாள். "முந்நூத்திப் பதினெட்டுங்க."

பொங்கியண்ணன் மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவள் அந்தப் பெண்ணிடம், காலையில் வெறும் வயிற்றில் எத்தனை மணிக்கு வர வேண்டும், டாக்டர் எந்நேரம் இருப்பார் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"ஏம்புள்ள, ஏதாச்சும் திட்டு," என்றார் அவர்.

"ரெண்டு வருசமாத் திட்டித் திட்டித்தான் நீங்க சொம்புக்குள்ள போயி ஒளிஞ்சீங்க. இனித் திட்டறதில்லீங்க. குடிக்கோணும்னா என்றகிட்டச் சொல்லிப்போட்டுக் குடிங்க."

"சொன்னாக் குடிக்க உட்டுருவயா?"

"உட மாட்டேன். ஆனாச் சொல்லோணும்."

அவர் விரலில் இருந்த பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.