உள்ளே விடலாமா, வேண்டாமா

அண்ணி கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது, அவளுக்கு முன்பே அங்கே ஒரு கம்ப்யூட்டர் குடியேறியிருந்தது. கூடத்து ஜன்னலோரம், பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு, மாப்பிள்ளை முறுக்கோடு உட்கார்ந்திருக்கும். அவள் கணவர் கப்பலில் எஞ்சினியர். கல்யாணத்துக்கு எடுத்த லீவு முடிந்து கிளம்பும்போது அவர் அந்தத் திரையைத் தட்டிக் காட்டி, "இனிமே இதுலதான் நம்ம குடித்தனம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அவள் சிரிக்கவில்லை.

கப்பல் துறைமுகம் தொட்டதும் அவர் கரையிலுள்ள மாலுமிகள் கிளப்புக்குப் போவார். அங்கிருந்து மெயிலில் புகைப்படங்கள் அனுப்புவார். வாய்த்தால் அரட்டை ப்ரோகிராமில் வந்து முகம் காட்டிப் பேசுவார். முகம் என்றால் முழு முகம் இல்லை. வாய் ஒன்று சொல்லும், கொஞ்சம் கழித்துத்தான் உதடு அசையும். அதுவே அண்ணிக்குப் போதுமானதாக இருந்தது.

அவளை "அண்ணி, அண்ணி" என்று ஓயாமல் கூப்பிட்டுத் தெருவுக்கே அந்தப் பெயரைப் பழக்கிவிட்டவள் நாத்தனார்தான். கல்லூரியில் கடைசி வருஷம். கண் விழித்ததும் பேச ஆரம்பித்தால் படுக்கிறவரை நிற்காது என்பதால் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசல் மணி அடித்தால் சங்கிலியை எடுக்காமலே கதவைத் திறந்து, "யாரு? எங்கேருந்து? என்ன விஷயம்?" என்று கேட்பார். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் வந்தால்தான் சங்கிலி கழலும்.

வினை வந்தது ரேடியோவின் சிநேகிதி கொடுத்த சி.டி.யில். ப்ராஜெக்ட் வேலைக்கென்று அதைப் போட்டாள். மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்தால், யாரும் தொடாமலே ஜன்னல் ஜன்னலாகத் திறந்துகொண்டு விளம்பரங்கள் குதித்தன. புகைப்படம் ஒன்றைத் திறக்கச் சொன்னால் அரைமணி யோசித்தது. ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து உச்சுக்கொட்டினார்.

"வைரஸ்ங்க. எல்லாத்தையும் சுத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம்."

"எல்லாத்தையும்னா?" என்றாள் அண்ணி.

"எல்லாத்தையும்தான்."

உள்ளே கல்யாணப் படங்கள் இருந்தன. அவர் துறைமுகம் துறைமுகமாக அனுப்பிய படங்கள் இருந்தன. எதற்கும் வேறு பிரதி கிடையாது. அண்ணி ரிப்பேர்க்காரருக்குக் காபி கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வந்து, "நாமளே பார்த்துக்கலாம்" என்றாள். என்ன தைரியத்தில் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

அந்த நாளில் எதையும் நினைத்த மாத்திரத்தில் இணையத்திலிருந்து இறக்கிவிட முடியாது. டெலிபோன் லைனில்தான் இணையம். இணைந்தவுடன் மோடம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கத்தும், அப்புறம் வீட்டுக்கு யாரும் போன் பண்ண முடியாது. அதனால் ரேடியோதான் கடைக்குப் போய், கூடவே சி.டி. தருகிற கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றை வாங்கிவந்தாள். அந்த சி.டி.யில் வீட்டு உபயோகத்துக்கு இலவசம் என்று போட்டு மூன்று ஆன்டிவைரஸ் இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். ரேடியோவுக்கு, கேடயம் படம் போட்டுப் பளபளவென்றிருந்த ஒன்று பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

"அண்ணி, இதைப் பாருங்க. என்ன கம்பீரமா இருக்கு! இதையே போட்டுடலாம்."

"அழகைப் பார்த்து எடுக்கிற சாமானா இது? எது இலவசம், எது ஒரு மாசம் ஓசியில ஓட்டிட்டு அப்புறம் காசு கேக்கும், அதை முதல்ல படி."

அண்ணி கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலையில் இருந்தாள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்கிறவள். இங்கேயும் அப்படியே ஆரம்பித்தாள். கேடயம் போட்டது ஒரு மாதத்துக்குத்தான் இலவசம் என்று அடியில் பொடி எழுத்தில் இருந்தது. ரேடியோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மிச்சம் இரண்டு. ஒன்று தினமும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் மெஷினை ஆமை ஆக்கிவிடும். இன்னொன்று லேசு, ஆனால் கட்டணம் கட்டச் சொல்லி அவ்வப்போது நச்சரிக்கும்.

"ரெண்டையும் போட்டா?" என்றாள் ரேடியோ. "ஒண்ணு விட்டதை இன்னொண்ணு புடிக்கும்ல?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரண்டையும் போட்டார்கள். ஒன்று திறக்கும் ஃபைலை மற்றது சந்தேகப்பட்டுப் பிடித்தது, அதை இது பிடித்தது. திரை உறைந்துபோய் மவுஸ் முள் நடுவில் நட்ட குச்சிபோல் நின்றது. சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த மாமியார், "ஒரே வீட்டுக்கு ரெண்டு காவக்காரன் வெச்சா ராத்திரி முழுக்க யாருய்யா நீன்னு அவங்களுக்குள்ளேயே கேட்டுட்டிருப்பாங்க" என்றார். ரேடியோ சிரித்த சிரிப்பில் நாற்காலியே ஆடியது. அண்ணிக்கும் அடக்க முடியவில்லை. புகுந்த வீட்டில் வாய்விட்டு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கனமானதைக் கழற்றிவிட்டு லேசானதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நச்சரித்தால் நச்சரிக்கட்டும். அது பொழுது சாயும்வரை மெஷினைத் துழாவி, ஒவ்வொன்றாகப் பூச்சிகளைப் பிடித்துப் போட்டது. கடைசியில் அண்ணி பயந்துகொண்டே கல்யாணப் படத்தைத் திறந்தாள். மாலையும் கழுத்துமாக அவள் நின்றுகொண்டிருந்தாள், பக்கத்தில் அவர். ரேடியோ பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

வந்த வைரஸைப் பிடித்தாயிற்று, இனி வராமல் இருக்கவேண்டாமா? மறுநாள் பத்திரிகையில் படித்துவிட்டு ஃபயர்வால் ஒன்றையும் ரேடியோ போட்டாள். அதுவும் இலவசம். உள்ளேயிருந்து எந்த ப்ரோகிராம் இணையத்துக்குப் போகப் பார்த்தாலும், வெளியேயிருந்து எது வரப் பார்த்தாலும் அது குறுக்கே நின்று, விடலாமா வேண்டாமா என்று கேட்கும். அன்று மாலைக்குள் ரேடியோ அலுத்துப்போனாள்.

"தொணதொணன்னு கேட்டுட்டே இருக்கு. பதில் சொல்லியே நம்ம ஆயுசு போயிடும் போலிருக்கு."

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து திரையைப் படித்தார். யார், எங்கிருந்து, எங்கே போக வேண்டும். அவர் முகம் மலர்ந்ததை அண்ணி பார்த்தாள்.

"எந்திரி. இது என் வேலை" என்றார்.

அன்று முதல் அது அவருடைய நாற்காலி. அண்ணி கடைக்கும் ரேடியோ கல்லூரிக்கும் போனபின், காய் நறுக்கும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மோடத்தைக் கத்தவிட்டு உட்கார்ந்துவிடுவார். ஆன்டிவைரஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும் என்பது சாக்கு. திரையில் பெட்டி முளைத்ததும் நிமிர்ந்து உட்கார்வார். பெயர் புரிந்தால் விடுவார். புரியாவிட்டால் தடை, கூடவே "இந்தப் பதிலை நினைவில் வை" என்பதிலும் ஒரு தட்டு. மாலையில் அன்றைக்கு யார் யாரை விரட்டினார் என்று பெருமையாகச் சொல்வார்.

அந்த மாதம் கணவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மெயில் இல்லை, அரட்டையில் ஆளையும் காணோம். கப்பல் நடுக்கடலில் இருக்கும் என்று அண்ணி முதலில் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பிறகு சாப்பாடு இறங்கவில்லை. ரேடியோகூடக் குரலைத் தணித்துக்கொண்டாள். மாமியார் மட்டும் விடாமல் காவலில் இருந்தார்.

ஒரு நாள் கடையில், சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பெரியவர் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தபோது முதலாளி அண்ணியைப் போனுக்குக் கூப்பிட்டார்.

"எல்லாரும் உயிரோடதான் இருக்கீங்களா?" என்றது குரல்.

கணவர்தான். பக்கத்திலிருந்த மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு துறைமுகம் தாண்டியாச்சு. மெயில் போட்டா பதில் இல்லை. அரட்டையில கூப்பிட்டா ஆளே இல்லைங்குது. வீட்டுக்குப் போன் பண்ணா எப்பவும் என்கேஜ்டு. அம்மாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சு எனக்கு உயிரே போயிடுச்சு!"

"அத்தை நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. "ஐயோ, என்னங்க... உங்களை அத்தைதான் உள்ள விடலை!"

பெரியவர் அந்தக் கனத்த சோதனைக் கண்ணாடியோடு திரும்பி அவளையே பார்த்தார். அவள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை ஃபயர்வாலின் செட்டிங்கை ரேடியோ திறந்தாள். மெயில் ப்ரோகிராமும் அரட்டை ப்ரோகிராமும், உயிரெழுத்தே இல்லாத வாயில் நுழையாத பெயர்களோடு, சிவப்புப் பெருக்கல் குறிக்குக் கீழே கைகட்டி நின்றன.

"அம்மா! சொந்தப் பிள்ளையையே வாசல்ல நிக்க வெச்சுட்டியே!"

மாமியார் வெடுக்கென்று, "அவன் பேரா போட்டிருந்தது அதுல?" என்றார். பிறகு சத்தமில்லாமல் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். அண்ணி பின்னாலேயே போனாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எத்தனை வருஷம் ஊரெல்லாம் இணைச்சு விட்டேன்" என்றார் மாமியார். "எம்பிள்ளை கூப்பிட்டது எனக்குத் தெரியலையே."

"நீங்க வீட்டைக் காப்பாத்தத்தானே உக்காந்தீங்க, அத்தை. வாங்க, அடுத்த துறைமுகத்துல அவர் கூப்பிடறப்ப நீங்களே எடுங்க."

மறு வாரம் அழைப்பு வந்தது. நாற்காலியில் மாமியார், இரண்டு பக்கமும் மருமகளும் மகளும். திரையில் தாடி வளர்ந்த முகம் கட்டம் கட்டமாகத் தெளிந்தது. மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, எக்ஸ்சேஞ்சில் பேசிய அதே குரலில், "எந்த ஊர்லேர்ந்து பேசறீங்க?" என்று கேட்டார். முந்தானை கண்ணுக்குப் போயிற்று.

இப்போது அண்ணியின் மடியில் இருக்கிற லேப்டாப் எதையும் கேட்பதில்லை. காவல் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறதாம், எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லையாம். கடைக்காரர் அதைப் பெரிய சௌகரியமாகச் சொன்னார், அவளும் தலையாட்டி வைத்தாள். கணவர் கப்பலை விட்டுவிட்டுக் கரையோரம் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார், தினமும் சாயங்காலம் வீடு வந்துவிடுகிறார். மாமியார் போய்ப் பல வருஷம் ஆகிறது. ரேடியோ கடல் தாண்டி வாழ்க்கைப்பட்டு, அங்கேயும் அதே சத்தத்தோடு குடித்தனம் செய்கிறாள். சில மதியங்களில், வேலை எதுவும் ஓடாதபோது, அண்ணிக்கு அந்தக் கூடம் ஞாபகம் வருகிறது. மோடத்தின் கத்தல், ஜன்னல் வெயில், மடியில் பாதி நறுக்கிய வெண்டைக்காயோடு நிமிர்ந்து உட்காரும் மாமியார். அப்போது அவள் போனை எடுத்து ரேடியோவைக் கூப்பிடுவாள்.

"என்ன அண்ணி, ஏதாவது விஷயமா?"

"ஒண்ணுமில்லடி. சும்மாதான். நீ பேசு, நான் கேக்கறேன்."