ஆறு பேர் ஆட்டம்

பட்டை நனைந்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. இலங்கையில் தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டத்து ஆம்பிளைகளுக்கு மழை நாளில் பாழடைந்த புகைக்கூடமும் மூணு சீட்டும்தான் கதி. பணயம் நெருப்புக்குச்சி, சீட்டுப் போடுமுன் ஆளுக்கொன்று. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்துவிட்டால் ஞானப்பிரகாசத்தை யாராலும் அசைக்க முடியாது. கெட்ட சீட்டு வந்தால் கவிழ்ப்பான், கவிழ்த்துக்கொண்டே இருப்பான். "சாமி தியானத்துல இருக்காருடோய்!" என்று கேலி செய்வார்கள். ஜோடி ஒன்று விழட்டும், அத்தனை பேரையும் வழித்து எடுத்துவிடுவான்.

அன்றைக்கும் வழித்தான். தோற்ற அழகமுத்துக் கங்காணிக்கு மூக்கு விடைத்தது. யாருக்கு எந்த மரம் என்று பிரித்துக் கொடுக்கிறவன் அவன்தான்.

"ஒன் ரோட்டோரத்து மரத்தை வச்சு ஆடுடா. தோத்தா நீயும் ஒன் பொண்டாட்டியும் கல்லுமலைக்குப் போயிரணும். ஜெயிச்சா ஒன் மரத்துப் பக்கமே வரமாட்டேன்."

"நான் ஆடலைங்க."

"ஆடாட்டியும் கல்லுமலைதான்."

கல்லுமலைச் சரிவில் வழுக்கி விழுந்துதான் ஞானப்பிரகாசத்தின் மனைவி தெரேசம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது. சமதரையிலேயே சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறாள். மறுபடி அந்தச் சரிவில் ஏற்றினால் பிணமாகத்தான் இறக்க வேண்டும்.

"நாங்க ரெண்டு பேருதான் ஆட்டம். மத்தவன் எந்திரி!"

எழுந்திருக்கத் தாமதித்த கிருஷ்ணகுமாரின் விலாவில் கங்காணி ஓர் உதை விட்டான். கூட இருந்த இருவரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சீட்டுப் போட டீக்கடைக் கபூர் நானா மட்டும் மிஞ்சினார்.

பழக்க தோஷம், ஞானப்பிரகாசம் ஜோடிக்காகக் காத்திருந்தான். கவிழ்க்கக் கவிழ்க்கக் குச்சி கரைந்தது. கபூர் நானாவுக்குப் பொறுக்கவில்லை.

"பிஸ்ஸாடா ஒனக்கு, பைத்தியமா? ஆறு பேருக்கு நடுவுலதான் ஜோடி வேணும். இவரு ஒரே ஆளு, இவருக்கு மட்டும் எங்கருந்து நல்ல சீட்டு வரும்? ராஜா ஒண்ணு இருந்தாலே துணிஞ்சு குச்சி கூட்டி ஏறுடா!"

கங்காணியின் முழங்கை அவர் வாயில் இறங்கியது. பல் ஒன்று சீட்டின்மேல் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவரும் மழையில் ஓடினார்.

ரத்தம் பட்ட சீட்டை ஞானப்பிரகாசம் கலைத்தான். இப்போது ஏறி ஆடினான். சின்னச் சீட்டுக்கெல்லாம் ஏறினான். போன குச்சிகள் திரும்பி வந்தன. கடைசியில் கங்காணி தன் குச்சி முழுவதையும் நடுவில் தள்ளினான். ஞானப்பிரகாசத்திடம் இருந்தது ராஜாவும் இரண்டு உதவாத சீட்டும்.

"காட்டுங்க."

கங்காணியிடம் ராணிதான் பெரிசு.

"மரம் எனக்குங்க," என்று பாவி மனுசன் சிரித்துவேறு தொலைத்தான்.

ஆறு பேர் இருந்தால் ஓங்கின கையை யாராவது பிடிப்பார்கள். இரண்டு பேரில் யார் பிடிப்பது? கங்காணி ஆட்களை விரட்டியது சீட்டுக்காக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சீட்டை வாரப்போன வலக்கையில் கங்காணியின் காட்டுக்கத்தி இறங்கியது. இரண்டு விரல் தரையில் கிடந்தன.

"மரம் ஒனக்குத்தான்டா. இனி வெட்டு பாப்போம்!"

மழை விட்ட காலையில் தெரேசம்மா ரோட்டோரத்து மரத்தில் பால் வெட்டினாள். கையில் கட்டோடு ஞானப்பிரகாசம் வாளி பிடித்தான். கங்காணி கம்போடு வந்தான்.

"யாரைக் கேட்டு இங்க வெட்டுற? நடடி கல்லுமலைக்கு!"

அவள் இடுப்புக்குக் குறிவைத்துக் கம்பை ஓங்கினான். கம்பு இறங்கவில்லை. பின்னாலிருந்து கிருஷ்ணகுமார் ஒரு கையால் அதைப் பிடித்திருந்தான்; மறுகையில் கத்தி. அன்றைக்கு ஓடிய இருவரும் ஆளுக்கொரு கத்தியோடு நின்றார்கள். வீங்கிய வாயோடு கபூர் நானா கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார்.

ஞானப்பிரகாசம் வாளியை இறக்கினான். மடியிலிருந்த ரத்தக்கறைச் சீட்டுக்கட்டை மண்ணில் போட்டான்.

"இப்ப ஆறு பேரு இருக்கோங்க, கங்காணியாரே. உக்காருங்க. ஒங்க கையைப் பிடிக்க ஆளு இருக்கு."

தெரேசம்மா கிருஷ்ணகுமாரின் கத்தியை வாங்கிப் புருஷனின் இடக்கையில் கொடுத்தாள்.