குலுங்காத கார்

சூரிய ஒளியில் ஓடும் எங்கள் காரில் எல்லோரும் முதலில் பார்ப்பது கூரையைத்தான். அந்தக் கூரையைச் செய்தவள் என் ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. சீட்டுக்கு அடியில் இருக்கும் பேட்டரியைச் செய்தவள் நான். அவள் வேலை பளபளவென்று மின்னும். என் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். யார் படுப்பார்கள்?

வீட்டிலும் அதே கதைதான். சின்ன மருமகள் வெயிலைப் பிடித்து வண்டி ஓட்டுகிறாள் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மூத்தவள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், அவளும் அங்கேதான் இருக்கிறாள் என்பாராம். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அன்று சோதனை ஓட்டம். கார் தேறினால் தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கும். எங்கள் இருவரில் ஒருத்திதான் அதற்குத் தலைமை என்று முதலாளி சொல்லியிருந்தார். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். அதைவிட, அது அவளுக்குக் கிடைக்கக் கூடாது.

மேகம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மேகம் மூடினால் கூரை சும்மா. பாரம் முழுவதும் என் பேட்டரி தலையில்தான். முதலில் செய்த வண்டி கூரையிலிருந்து பேட்டரிக்கு மாறும்போது பழைய டவுன் பஸ் மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கும். அதைப் போக்கத்தான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

வேண்டுதல் பலித்தது. முதலாளியோடு நாங்கள் இருவரும் ஏறிப் பாதி வழி போவதற்குள் வானம் இருண்டது. கார் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு சின்ன அசைவுகூட இல்லை. முதலாளி கையை உயர்த்திக் கூரையைத் தட்டினார்.

"மேகம் மூடியும் இந்தக் கூரை என்னமா இழுக்குது பாருங்க."

குலுக்கலைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கலாம். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன். வாயைத் திறந்து சொன்னால் தற்பெருமை என்பார்கள்.

ஓரகத்திதான் பேசினாள். "சார், இது கூரை இல்ல. இப்ப ஓடுறது முழுக்க அக்காவோட பேட்டரி. மாறினதே உங்களுக்குத் தெரியல இல்லையா, அதுதான் அவங்க வேலை."

ஒரு கணம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முதலாளி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அடுத்தவங்க உழைப்ப எடுத்துச் சொல்ல ஒரு மனசு வேணும்மா. நாலு பேர வச்சு வேலை வாங்க அதுதான் முக்கியம்."

நாற்காலி அவளுக்குப் போனது. நல்ல மனசுக்காரி என்ற பேரும் அவளுக்கே. அவளைத் திட்ட எனக்கு ஒரு காரணமாவது மிச்சமிருந்தது; அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.