கெதின் வாத்தியாருக்குப் பின்னால் ஊற்றிய தண்ணீர்

தாஷ்லிபெல்லிலிருந்து காலையில் கிளம்பிய அங்காரா பஸ் எங்கேயும் திரும்பாமல், வழி தவறாமல், நேராகவே ஓடி, சாயங்காலம் தாஷ்லிபெல்லிலேயே வந்து நின்றது. டிரைவர் ஹம்தி இறங்கி டயரையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வண்டியில் கோளாறு ஒன்றும் இல்லை என்றான். பல் பிடுங்கிக்கொள்ள அங்காரா போன பலசரக்குக் கடைக்காரர் வீங்கின கன்னத்தோடேயே இறங்கினார். கடைசியாக இங்கிலீஷ் வாத்தியார் கெதின் தன் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கினான். அவனைத் திருப்பிக் கொண்டுவந்தது நாங்கள்தான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டோம்.

ஊரை விட்டு யார் கிளம்பினாலும் வண்டிக்குப் பின்னால் ரோட்டில் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். தண்ணீர் போலத் தடங்கலில்லாமல் போய், தண்ணீர் போலத் திரும்பி வரணும் என்று அர்த்தம். மற்ற ஊர்க்காரர்கள் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்வார்கள். நாங்கள் நிறுத்த மாட்டோம். குழாயில் வாரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் வந்தால் பெரிய விஷயம் என்கிற ஊர் இது. குளிப்பதற்குக் கணக்குப் பார்ப்போம், செடிக்கு ஊற்றுகிறவளை முறைப்போம், வழியனுப்பும்போது மட்டும் திடீரென்று வள்ளலாகிவிடுவோம். பார்க்கிறவர்கள் ஏதோ ஆற்றங்கரை ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கெதின் வேல்ஸ் நாட்டுக்காரன், செம்மறி ஆடு வளர்க்கிற குடும்பம். வந்தபோது இருபத்திமூன்று வயசு. மருந்துக்கடை மாடியில் ரெஜாயி நடத்துகிற டியூஷன் சென்டரில் வேலை. வெளிநாட்டிலிருந்து வாத்தியார் வருகிறார் என்று ரெஜாயி மாடியிலிருந்து கீழ் வரைக்கும் பேனர் தொங்கவிட்டிருந்தான். கெதினின் போட்டோ வந்து சேரத் தாமதமானதால், எங்கிருந்தோ எடுத்த பொன்னிற முடி, கோட்டு சூட்டு மனிதன் ஒருவனின் படத்தைப் போட்டுவிட்டான். வந்திறங்கினவனோ கறுப்பு முடி, குட்டை, நனைந்த கோழி மாதிரி நின்றான். ஒரு மாதம் வரைக்கும் நாங்கள் அவனிடமே, பெரிய வாத்தியார் எப்போது வருகிறார் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவனும் முகம் சுளிக்காமல், அடுத்த வாரம் வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பாடம் நடத்துவதில் அவன் புலி என்று சொன்னால் அது பொய். பையன்கள் கேட்டதையெல்லாம் விட்டுவிட்டு அவன் ஊர் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பான். சாரல், தூறல், பக்கவாட்டில் அடிக்கிற மழை, ஆட்டு மயிருக்குள் நின்றுவிடுகிற மழை. இரண்டு வருஷத்தில் மழை விஷயத்தில் எங்கள் இங்கிலீஷ் அப்பழுக்கில்லாமல் ஆகிவிட்டது. மழையே பெய்யாத ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்காதீர்கள், எங்களுக்கும் தெரியாது. ஆனாலும் அவனை எங்களுக்குப் பிடித்துப்போனது. ஆசிரியர் தினத்தன்று ஆளாளுக்கு அவனுக்குச் சாக்ஸும் கொலோன் சென்ட் பாட்டிலும் கொடுத்தோம், அவன் அத்தனை சாக்ஸுக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதான். கீழ்வீட்டு ஹாஜர் அக்கா, அவன் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி, அவனுக்குத் தினமும் பருப்பு சூப் அனுப்பினாள். அவனுக்குத் தும்மல் வந்தாலும், வயிறு வலித்தாலும், பாடத்தில் பையன் ஃபெயிலானாலும், வீட்டுக்குள் செருப்புப் போடாமல் குளிர்ந்த தரையில் நடந்ததுதான் காரணம் என்பது அவள் முடிவு.

அதே சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுத்தாள் நெவ்ரா. அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிவிட்டு எந்த ஊரில் போடுவார்கள் என்று காத்திருந்த பெண். அதிகம் பேச மாட்டாள், பேசினால் இரண்டாம் தடவை சொல்லத் தேவை இருக்காது. ஆசிரியர் அறையில் ஒரே ஒரு அடுப்பு, அதன் இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் கெதின். அது போதாதா எங்களுக்கு? கல்யாண மண்டபம், சாப்பாடு, எந்தச் சித்தப்பா யாரோடு உட்காரக் கூடாது என்பது வரை எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டோம். அவர்கள் இரண்டு பேருக்கும் சொல்வது ஒன்றுதான் பாக்கி.

அப்போதுதான் அவன் தங்கையிடமிருந்து போன் வந்தது. அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன், வெள்ளிக்கிழமைக்கு மேல் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவோ மகனைக் கண்ணால் பார்க்காமல் ஆபரேஷன் அறைக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை காலையில் கெதின் கிளம்பினான். ஊரே பஸ் நிலையத்துக்கு வந்தது. பிள்ளை பதட்டத்தில் போகிறான், பத்திரமாகத் திரும்பி வரணும் என்று குடம் குடமாக ஊற்றினோம். அன்றைக்குத்தான் பஸ் மேலே சொன்னபடி வந்து நின்றது.

செவ்வாய்க்கிழமை ஹம்தி, இந்தப் பக்கம் வேண்டாம், அந்தப் பக்கம் போவோம் என்று கைசேரி விமான நிலையத்துக்கு அவனை வேனில் ஏற்றிக்கொண்டான். நாங்கள் மறுபடியும் ஊற்றினோம், நேற்றுப் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினோம். கணவாய் ஏறும்போது ஹம்தி கண்ணாடியில் பார்த்தான். தார்ரோட்டின் நடுவில் சின்ன வாய்க்கால் ஒன்று, அவசரமில்லாமல், மேடேறி வண்டிக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. உச்சியில் அது வண்டியை முந்திக்கொண்டது. அதற்கப்புறம் ரோடு அது சொன்ன பக்கம் போனது, வண்டி ரோடு போன பக்கம் போனது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே இரண்டு பேரும் எங்கள் முன்னால் நின்றார்கள்.

அன்றைக்கு டீக்கடையில் பெரிய கூட்டம் கூடி, இனி ஒரு சொட்டுக்கூட யாரும் ஊற்றக் கூடாது என்று ரொட்டி மேல் கை வைத்துச் சத்தியம் செய்தோம். ஆனால் ஊற்றாமல் அனுப்புவது என்றால் என்ன? திரும்பி வராதே என்று மூஞ்சிக்கு நேரே சொல்வது. யாருக்கு மனசு வரும்? மற்றவர்கள் ஊற்ற மாட்டார்கள், நாம் ஒரு வாய் ஊற்றினால் என்ன ஆகிவிடப்போகிறது என்று ஊரில் ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்தோம். புதன்கிழமை அத்தனை பேரும் கோட்டுக்குள் ஒளித்துப் பாட்டில் கொண்டுபோனோம். ரெஜாயி பூட்ஸ் கயிறு கட்டுகிற மாதிரி குனிந்து ஊற்றினான். பலசரக்குக் கடைக்காரர் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறேன் என்று ஊற்றினார். ஹாஜர் அக்கா பஸ் நிலையத்துப் பிளாஸ்டிக் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டாள், அதுவும் வழியவிட்டாள்.

சாயங்காலம் கெதின் திரும்பி வந்து பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டான். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா அங்கே செத்துவிடுவாளோ என்ற பயத்தில் பெட்டியின் வாரை அவிழ்ப்பதும் மாட்டுவதுமாக இருந்தான். அப்புறம் தனக்குத் தெரிந்த அரைகுறைத் துருக்கியில் சொன்னான்.

"நீங்க எல்லாரும் ரொம்ப நல்லவங்க. கொஞ்சம் கம்மியா நல்லவங்களா இருங்க. நான் போய் எங்கம்மாவப் பாக்கணும்."

எங்களுக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு போனோம். நான் ஊற்றினது ஒரு மடக்கு, அதற்குப் போய் பஸ் திரும்புமா, இது உன் வேலைதான் என்று பக்கத்து வீட்டுக்காரனைச் சொன்னோம். வியாழக்கிழமை காலையில் பார்த்தால், மறுபடியும் எல்லார் கோட்டும் புடைத்துக்கொண்டிருக்கிறது.

பஸ் நிலைய வாசலில் நெவ்ரா நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் பெரிய ஊறுகாய் ஜாடி, வெள்ளரிக்காய் போட்டு வைக்கிற கண்ணாடி ஜாடி. கோட்டுக்குள் இருப்பதை வெளியே எடுக்கச் சொன்னாள்.

"எல்லாரும் இதுல ஊத்துங்க. உங்க எல்லாருக்கும் சேத்து நான் பாத்துக்கிறேன்."

ஆகா, சரியான ஏற்பாடு என்றோம். ஊற்ற வேண்டியவள் அவள்தானே, அவளுக்கு இல்லாத உரிமையா என்று ஹாஜர் அக்கா தன் பாட்டிலை முதலில் கவிழ்த்தாள். வரிசையில் நின்று கடைசிச் சொட்டு வரை ஊற்றினோம். கல்யாணத்தில் மொய் வைக்கிற பெருமை எங்கள் முகத்தில். ஜாடி விளிம்பு வரை நிறைந்தது.

கெதின் படியில் ஏறி நின்றான். நெவ்ரா அவனை எப்போதும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவாள், அன்றைக்கு ஊர் கேட்க நீ என்றாள்.

"போ. அம்மா கையப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலயே இரு. எங்களப் பத்தி நினைக்காத."

பஸ் நகர்ந்தது. நாங்கள் ஜாடியையே பார்த்தோம். அவள் ஜாடியை இரண்டு கையாலும் தூக்கினாள், ரோட்டில் சாய்க்கவில்லை, வாயில் வைத்தாள். குடித்தாள். நடுவில் நிறுத்தாமல், சிந்தாமல், ஊர்த் தண்ணீர் முழுக்க, ஊறுகாய் வாசனையோடு குடித்தாள். கன்னத்தில் வழிந்தது ஜாடித் தண்ணீர் இல்லை, அழுதுகொண்டேதான் குடித்தாள். பஸ் கணவாயைத் தாண்டி மறைந்தபோது ஜாடி காலி, ரோடு காய்ந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை ரெஜாயிக்கு போன் வந்தது. கெதின் போய்ச் சேர்ந்துவிட்டான், அம்மா அவனைப் பார்த்து, மெலிந்துபோய்விட்டாய் என்று திட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறாள். சாயங்காலம் இன்னொரு போன், ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டீக்கடையில் அல்வா கிண்டிக் கொடுத்தோம். அல்வா தீர்ந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. பின்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை, இனி அவன் எப்படி வருவான்?

அவன் வரவில்லை. அம்மாவைக் கவனிக்கணும், ஆடுகளைப் பார்க்கணும், வருஷம் ஒன்று போய் இன்னொன்றும் போனது. நாங்கள் பழியைத் தூக்கி நெவ்ரா தலையில் வைத்தோம். கட்டிக்கப்போகிறவனைக் குடித்துத் தீர்த்த மகராசி என்று காதுபடப் பேசினோம். ஹாஜர் அக்கா அவளுக்கு சூப் கொடுப்பதை நிறுத்தினாள், அதுதான் எங்கள் ஊரில் இருப்பதிலேயே கடுமையான தண்டனை. ஏன்டி இப்படிப் பண்ணினாய் என்று யாராவது மடக்கிக் கேட்டால், தாகமாக இருந்தது என்பாள். அந்தத் தண்ணீர் அவளுக்குள் அப்படியே இருந்தது. நடந்தால் குடம் தளும்புகிற சத்தம் கேட்கும். முதலில் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள், அப்புறம் டீச்சர் வருகிறார் என்று தெரிந்துகொள்ள வசதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள்.

பிறகு அரசாங்க வேலைக்கு உத்தரவு வந்து, அவளைக் கருங்கடல் ஓரத்தில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊருக்குப் போட்டார்கள். அவள் கிளம்பிய அன்று ரோஷத்தில் நாங்கள் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. அவள் பஸ் படியில் ஏறும்போது தளும்பின சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த வசந்தத்தில் கெதின் போன் செய்தான். அம்மா நன்றாகத் தேறிவிட்டாள், எந்நேரமும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை எனக்கு எதற்கு என்று அவளே டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாளாம், தாஷ்லிபெல்லுக்கு வருகிறேன் என்றான். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தாயா, யார் எதைக் குடித்தால் என்ன, எங்கள் பாசம் இழுத்துக்கொண்டு வருகிறது என்று மார்தட்டினோம். மேளமும் நாயனமும் வந்தன. ஆடு அறுத்தோம். ஹாஜர் அக்கா சூப் பானையோடு முன்வரிசையில் நின்றாள்.

ஹம்தியின் பஸ் கணவாயிலிருந்து இறங்கி வந்தது. மேளம் அடித்தோம். பஸ் நிற்கவில்லை. ஹம்தி பிரேக்கின் மேல் ஏறி நிற்பது கண்ணாடி வழியாகவே தெரிந்தது. கெதின் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, ஒவ்வொருவரையாகப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். நாயனக்காரன் வாசித்தபடியே பாதி தூரம் பின்னால் ஓடினான். ஹாஜர் அக்காவும் பானையோடு ஓடினாள், சூப் முழுக்க ரோட்டில். எங்கள் பாசத்துக்கு பஸ் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

அப்புறம் நடந்தது ஹம்தி வந்து சொன்னது. வண்டி அன்று பகலெல்லாம் வடக்கே ஓடியது. எந்த பஸ்ஸும் போகாத ரோட்டில் இறங்கி, கடலுக்கு எதிரே, மழை தூறிக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூட வாசலில் மெதுவாகத் தானே வேகம் குறைத்தது. நெவ்ரா கையில் சாக்பீஸ் தூளோடு வெளியே வந்து, பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஹம்தியைத்தான் முதலில் பார்த்தாளாம்.

"அண்ணே, இப்ப மிதிங்க. பிடிக்கும்."

பிடித்தது. கெதின் இறங்கினான். அவள் அவனை நோக்கி நடந்து வந்தபோது தளும்பின சத்தம் இல்லை என்றான் ஹம்தி. டீக்கடையில் இருந்த எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கேதானே ஆள் திரும்பி வருவான், இது தெரியாமல் நாங்கள் பஸ் நிலையத்தில் நாயனம் ஊதியிருக்கிறோம். ஹாஜர் அக்காதான் முதலில் சிரித்தாள்.

"அடிப்பாவி, நம்ம எல்லார் தண்ணியையும் வாங்கி அவ வயித்துல வெச்சுக்கிட்டாளே."

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, மறுநாளே ஹம்தியிடம் புதுசாக ஒரு பானை சூப்பும், வீட்டுக்குள் போடுகிற செருப்பு இரண்டு ஜோடியும் கொடுத்தனுப்பினாள். அவர்கள் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். நாங்கள் போட்டு வைத்திருந்த சாப்பாட்டுப் பட்டியலையும் சித்தப்பாக்களின் வரிசையையும் யாரும் கேட்கவில்லை. கெதின் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மழையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறான், அங்கே அது உபயோகப்படுகிறதாம்.

எங்கள் பஸ் நிலையத்தில் இப்போது யாரும் ரோட்டில் தண்ணீர் ஊற்றுவதில்லை. கொண்டுவந்ததையெல்லாம் ஒரே ஜாடியில் சேர்த்து, ஒருவர் குடித்துவிடுகிறார். அந்த ஒருவர் யார் என்பதில் அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை வந்து, அங்காரா பஸ் தினமும் தாமதமாகத்தான் கிளம்புகிறது.